நாற்பதில் குலுங்கும் பிக்கப்

கேள்வி: என்னிடம் இருப்பது நான்கு கதவுகள் கொண்ட டீசல் பிக்கப். நான்கு சிலிண்டர் இன்ஜின், கையால் மாற்றும் கியர், பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங். இதுவரை 1,10,000 கி.மீ. ஓடியிருக்கிறது. நான்கு மாதங்களுக்கு முன் எல்லா டயர்களையும் புதிதாக மாற்றினேன். அதற்குச் சில நாட்களிலேயே, 35 கி.மீ. வேகத்தைத் தாண்டியதும் இருக்கையோடு சேர்த்து என்னை மேலும் கீழுமாகக் குலுக்கத் தொடங்கியது. 50 வரை நீடிக்கும். 65-க்கு மேல் பெரிதாகத் தெரிவதில்லை. மூன்று முறை வீல் பேலன்சிங் செய்தாயிற்று. இயந்திரம் ஒவ்வொரு முறையும் பூஜ்யம்தான் காட்டுகிறது. பின் ஷாக் அப்சார்பர்களையும் மாற்றிவிட்டேன். ஒரு மெக்கானிக், சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் தண்டான ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் என்கிறார், இன்னொருவர் இன்ஜின் மவுண்டிங் என்கிறார். நான் எங்கிருந்து தொடங்குவது?

பதில்: உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. டயர் மாற்றிய பிறகு வந்தது, மேலும் கீழுமாக வருகிறது, வேகம் கூடினால் குறைகிறது என்ற மூன்று செய்திகளையும் சேர்த்துப் பார்த்தால் சந்தேகம் ஒரே இடத்தைத்தான் சுட்டுகிறது. ஆனாலும் ஊகத்தை நம்பி எதையும் கழற்ற வேண்டாம். முதலில், அந்தக் குலுக்கல் வினாடிக்கு எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

வண்டியில் சுழலும் பாகங்கள் எல்லாம் ஒரே வேகத்தில் சுழல்வதில்லை. உங்கள் டயர் 245/70 ஆர் 16 என்ற அளவில் இருப்பதாக வைத்துக்கொண்டால், அது ஒரு முறை உருண்டு முடிக்கையில் வண்டி சுமார் 2.3 மீட்டர் நகரும். 40 கி.மீ. வேகத்தில் வண்டி வினாடிக்கு 11 மீட்டருக்குச் சற்று அதிகமாக ஓடுகிறது; ஆகவே சக்கரம் வினாடிக்கு ஏறத்தாழ 5 முறை சுழல்கிறது. பின் அச்சில் உள்ள கிரவுன், பினியன் என்ற இரு பற்சக்கரங்களின் விகிதம் 3.9 என்றால், ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் அதே நேரத்தில் 19 முறை சுழல்கிறது. இன்ஜின் 1,500 ஆர்.பி.எம்.மில் ஓடுகிறது என்றால் வினாடிக்கு 25 சுற்று. நான்கு சிலிண்டர் என்பதால் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு வெடிப்பு வீதம் 50 துடிப்புகள். இந்த மூன்றும் உடம்புக்கு வேறு வேறாகத் தெரிபவை. வினாடிக்கு ஐந்து என்பதை வாயால் எண்ணிவிடலாம், அது குலுக்கல். இருபதை எண்ண முடியாது, அது இருக்கையிலும் தரையிலும் தெரியும் நடுக்கம். ஐம்பது என்பது காதுக்குக் கேட்கும் ரீங்காரம். உங்களை 'மேலும் கீழுமாகக் குலுக்குகிறது' என்றால் அது ஷாஃப்ட்டின் வேலையும் அல்ல, இன்ஜின் மவுண்டிங்கின் வேலையும் அல்ல, சக்கரத்தின் வேலை. கண்ணாடிக்கு முன்னால் கைபேசியைப் பொருத்தி, அதிர்வை அளக்கும் செயலி ஒன்றை ஓடவிட்டால் இந்த எண் உச்சமாகத் திரையிலேயே தெரிந்துவிடும். ஓட்டுவது ஒருவராகவும் பார்ப்பது மற்றவராகவும் இருக்கட்டும்.

நாற்பதில் மட்டும் ஏன் இவ்வளவு தொந்தரவு என்பதற்கும் காரணம் உண்டு. உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு, செங்குத்தாக வரும் அதிர்வுகளில் வினாடிக்கு 4 முதல் 8 வரை உள்ளவற்றைத்தான் மற்றெல்லாவற்றையும் விடக் கூர்மையாக உணர்கிறது. உங்கள் சக்கரம் அந்த எல்லைக்குள் சுழல்வது ஏறத்தாழ 33 கி.மீ. வேகத்திலிருந்து 66 கி.மீ. வேகம் வரை. நீங்கள் எழுதியிருக்கும் 35-ஐயும் 65-ஐயும் இந்த எண்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதைத் தாண்டினால் கோளாறு மறைந்துவிடுகிறது என்று பொருளல்ல. உங்கள் வயிறு அதைக் கவனிப்பதை விட்டுவிடுகிறது, அவ்வளவுதான்.

இனி பேலன்சிங் விஷயத்துக்கு வருவோம். மூன்று முறை செய்தும் பயனில்லை என்று வருந்துகிறீர்கள். முப்பது முறை செய்தாலும் பயன் இருக்காது. எடை சமமில்லாத சக்கரம் உண்டாக்கும் விசை, வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் கூடும். ரிம்மின் விளிம்பில் 30 கிராம் எடை குறைந்திருந்தால், 100 கி.மீ. வேகத்தில் அது சுமார் மூன்றரைக் கிலோ அளவுக்கு இழுக்கும், 40 கி.மீ. வேகத்தில் அரைக் கிலோவுக்குச் சற்று மேல்தான். இரண்டு டன் வண்டியை அரைக் கிலோ என்ன செய்துவிட முடியும்? அதே சமயம், சக்கரம் சுற்றளவில் வட்டமாக இல்லாமல் ஓரிடத்தில் புடைத்திருந்தால் கதை வேறு. பிக்கப் டயர் ஒன்று 1 மி.மீ. அமுங்குவதற்கு 20 முதல் 30 கிலோ வரை பாரம் தேவை. ஆகவே 1 மி.மீ. புடைப்பு, ஒவ்வொரு சுற்றிலும் அச்சை அந்த 20, 30 கிலோவால் குத்துகிறது. எந்த வேகத்தில் போனாலும் அதே குத்துதான். பேலன்சிங் இயந்திரமோ சக்கரத்தை அந்தரத்தில் சுற்றுகிறது. தரையைத் தொடாத சக்கரத்தின் எடையை அது அளக்கும், வட்டத்தை அளக்காது. குறைந்த வேகக் குலுக்கலுக்கு, எடையைக் காட்டிலும் வடிவத்தையே முதலில் சந்தேகிக்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

டயர் மாற்றிய பிறகு வந்தது என்பதால், காசு செலவில்லாத ஒரு சோதனையை இன்றே செய்யுங்கள். டயரின் பக்கச்சுவரில், ரிம்மின் விளிம்பை ஒட்டி, மெல்லிய ரப்பர் வரி ஒன்று வட்டமாக ஓடும். அந்த வரிக்கும் ரிம் விளிம்புக்கும் உள்ள இடைவெளி சுற்றிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். கட்டைவிரல் நகத்தை இடைவெளியில் வைத்து மெதுவாகச் சுற்றி வாருங்கள். ஓரிடத்தில் வரி ரிம்முக்குள் ஒளிந்துகொண்டால், அங்கே டயரின் பீடிங், அதாவது ரிம்மில் பொருந்தும் தடித்த விளிம்பு, தன் இடத்தில் உட்காரவில்லை என்று பொருள். டயர் மாட்டும்போது சோப்புக் கரைசலைச் சரியாகத் தடவாமல் காற்றடித்ததால் நேர்வது இது. காற்றை முழுவதும் இறக்கி, பீடிங்கை விடுவித்து, கரைசல் தடவி மறுபடி ஏற்றினால் பெரும்பாலும் உட்கார்ந்துவிடும். உட்புறச் சுவரையும் பார்க்க மறக்காதீர்கள். அங்கே யாரும் பார்ப்பதில்லை.

வரி சரியாக இருந்தால் அடுத்தது ஓட்டத்தை, அதாவது சுற்றும்போது சக்கரம் வட்டத்திலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதை, அளப்பது. வண்டியைப் பதினைந்து கி.மீ. ஓட்டி டயரைச் சூடாக்கிக்கொண்டு வந்து, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஒரு சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, அடியில் ஸ்டாண்டும் கொடுங்கள். ஒரு செங்கல்லின் மேல் ஸ்குரூ டிரைவரைப் படுக்க வைத்து, அதன் முனை டயரின், தரையில் உருளும் நடுப்பட்டையைத் தொட்டும் தொடாமலும் இருக்குமாறு நகர்த்துங்கள். பின்பு, குனிந்து அந்த இடைவெளி வழியாக வெளிச்சத்தைப் பார்த்தபடி சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். நல்ல சக்கரத்தில் அந்த வெளிச்சக் கீற்று நூல் போல ஒரே அளவில் நிற்கும்; கெட்ட சக்கரத்தில் அது மெலிந்து, ஓரிடத்தில் முனை ரப்பரைத் தொட்டு உரசி, மறுபடி அகலும். உரசும் இடத்தில் சாக்பீஸால் குறியிடுங்கள். மிக அகன்ற இடத்துக்கும் மிகக் குறுகிய இடத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றரை மி.மீ.யைத் தாண்டினால் அந்தச் சக்கரம்தான் குற்றவாளி என்று கொள்ளலாம். துல்லியமான எல்லை உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். இதே சோதனையை ரிம்மின் விளிம்பிலும் செய்தால், கோணல் டயரிலா ரிம்மிலா என்பது தெரிந்துவிடும்.

இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் இருந்தால், டயரின் மேடும் ரிம்மின் பள்ளமும் ஒன்றன்மேல் ஒன்று வருமாறு டயரை ரிம்மில் திருப்பி மாட்டச் சொல்லுங்கள். சில புதிய டயர்களின் பக்கச்சுவரில் சிவப்புப் புள்ளியும் மஞ்சள் புள்ளியும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சிவப்பு, டயர் அதிகமாகத் தள்ளும் இடத்தைக் காட்டுவது. ரிம்மில் பள்ளக் குறி இருந்தால் அதற்கு நேராக வர வேண்டியது. மஞ்சள், எடை குறைந்த இடம். வால்வுக்கு நேராக வைப்பது. டயர் கடைகளில் பலர் இவற்றை வெறும் அலங்காரம் என்று நினைக்கிறார்கள். டயரை உருளையால் அழுத்திக்கொண்டே சுற்றி, அது திருப்பித் தள்ளும் விசையை அளக்கும் பேலன்சிங் இயந்திரங்களும் உண்டு. அது கிடைக்குமானால் செங்கல்லும் ஸ்குரூ டிரைவரும் தேவையில்லை.

இன்னொரு சாத்தியம், சக்கரம் வட்டமாகவே இருந்தும் மையம் தவறி மாட்டப்பட்டிருப்பது. பேலன்சிங் இயந்திரம் ரிம்மின் நடுத்துளையைக் கூம்பு வைத்துப் பிடிக்கிறது. வண்டியிலோ, சக்கரம் மாட்டப்படும் ஹப்பில் துருவேறியிருக்கலாம். வெளியில் வாங்கிய அலாய் என்றால் நடுத்துளை ஹப்பைவிடப் பெரிதாக இருக்கலாம். மையம் அரை மி.மீ. விலகினாலே ஓட்டத்தில் 1 மி.மீ. வந்துவிடும், இயந்திரம் பூஜ்யம் காட்டுவது இதற்குத் தடையாகாது. துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, தேவையானால் ஹப் வளையம் போட்டு, சக்கரம் தூக்கியிருக்கும்போதே நட்டுகளை நட்சத்திர வரிசையில் இறுக்க வேண்டும். சேற்றுப் பாதையில் ஓடும் வண்டி என்றால் ரிம்மின் உட்புறத்தில் காய்ந்து ஒட்டிய மண்ணையும் பாருங்கள். மண் கட்டியைத் தேடாமல் ஷாஃப்ட்டின் சென்டர் பேரிங்கை மாற்றிய ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் கண்ணாடியில் பார்க்கிறேன்.

அளக்கும் பொறுமை இல்லையென்றால் ஸ்டெப்னியைப் பயன்படுத்துங்கள். அது மற்றவற்றின் அதே அளவாக இருந்தால், ஒவ்வொரு சக்கரமாகக் கழற்றி அதன் இடத்தில் ஸ்டெப்னியை மாட்டி, அதே சாலையில் அதே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். எந்தச் சக்கரத்தைக் கழற்றியபோது குலுக்கல் போகிறதோ அதுதான். நான்கு ஓட்டத்தில் தெரிந்துவிடும்.

ஒரே ஓர் எச்சரிக்கை. குலுக்கல் நாளுக்கு நாள் கூடினாலோ, 15, 20 கி.மீ. வேகத்திலேயே வண்டி வாத்து நடப்பது போல இடமும் வலமும் அசைந்தாலோ, டயருக்குள் இருக்கும் எஃகுப் பட்டை பிரிந்திருக்கலாம். நடுப்பட்டையைக் கனமான கையுறை போட்ட கையால் தடவினால் மேடு தட்டுப்படும்; வெறுங்கையால் தடவினால் கம்பி குத்தக்கூடும். அப்படி இருந்தால் அந்த டயரைக் கழற்றி வைத்துவிடுங்கள். அதில் ஒரு கி.மீ. கூட வேகமாக ஓட்டக் கூடாது.

கேள்வி: என் பிக்கப் நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது அடியிலிருந்து உதறுகிறது. சுமை ஏற்றினால் அதிகம். 30 கி.மீ. வேகத்துக்குள் நின்றுவிடும். சிக்னலில் நின்று புறப்படும்போது சில நேரம் 'டக்' என்று ஒரு சத்தமும் வரும். கிளட்ச் பிளேட்டை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா? சுமைக்காகப் பின்பக்கம் கூடுதலாக ஒரு ஸ்பிரிங் பட்டை போட்டிருக்கிறேன்.

பதில்: பொறுங்கள். கிளட்ச் உதறலுக்கும் ஷாஃப்ட் உதறலுக்கும் வித்தியாசம் தெரிந்துகொள்ள ஒரு சமதளச் சாலையும் இரண்டு நிமிடமும் போதும். கிளட்ச் பிளேட்டில் எண்ணெய் பட்டிருந்தாலோ அது கருகிப் பளபளத்திருந்தாலோ, உதறல் பெடலை விடுவிக்கும் அந்த ஓரிரு வினாடிகளில் மட்டும்தான் வரும். கால் பெடலை விட்டு முழுவதும் எடுபட்ட கணமே நிற்கும். ரிவர்ஸிலும் அப்படியே வரும். கால் எடுத்த பிறகும் வண்டி வேகம் எடுக்க எடுக்க உதறல் தொடர்ந்து, 25, 30 கி.மீ. வேகம் வரை கூட வந்தால் கிளட்ச்சைக் குறை சொல்லக் கூடாது. நீங்கள் '30-க்குள் நின்றுவிடும்' என்று எழுதியிருப்பதால் உங்களுடையது இரண்டாவது வகை என்றே நினைக்கிறேன்.

ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டின் இரு முனையிலும் உள்ள சிலுவை வடிவ இணைப்பான கிராஸ் ஜாயின்ட்டுக்கு ஒரு பிறவிக் குணம் உண்டு. ஷாஃப்ட் சாய்வாக இருந்தால், ஒரு பக்கம் சீராகச் சுழன்றாலும் மறுபக்கம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை முந்தியும் இரண்டு முறை பிந்தியும் சுழலும். சாய்வு 3 டிகிரி என்றால் இந்த ஏற்ற இறக்கம் 0.14 சதவீதம்தான், யாருக்கும் தெரியாது. 10 டிகிரியானால் 1.5 சதவீதம், அதாவது பத்து மடங்குக்கு மேல். முன் ஜாயின்ட்டின் கோணமும் பின் ஜாயின்ட்டின் கோணமும் சமமாக இருந்து, ஜாயின்ட்டைப் பிடிக்கும் கவைகளான இரு யோக்குகளும் ஒரே தளத்தில் நின்றால், ஒன்றின் கோணலை மற்றொன்று ஈடுகட்டிவிடும். வண்டியை வடிவமைத்தவர்கள் அந்தச் சமத்தைக் கணக்கிட்டுத்தான் அச்சைப் பொருத்தியிருக்கிறார்கள்.

நீங்கள் சேர்த்த பட்டை அந்தக் கணக்கில் கை வைத்திருக்கிறது. பின்பக்கம் உயர்ந்ததும் ஷாஃப்ட்டின் சாய்வு கூடுகிறது. அதோடு, லீஃப் ஸ்பிரிங் வண்டியில் முதல் கியரில் கிளம்பும்போது பின் அச்சு முழுவதும் முறுக்கிக்கொண்டு, ஷாஃப்ட் வந்து இணையும் பினியன் மூக்கை மேலே தூக்குகிறது. பட்டை எஸ் எழுத்தைப் போல வளைகிறது. அந்தக் கணத்தில் இரு கோணங்களும் சமமாக இருப்பதில்லை. 15 கி.மீ. வேகத்தில் ஷாஃப்ட் வினாடிக்கு 7 முறை சுழல்வதால், கிராஸ் ஜாயின்ட் 14 முறை தள்ளுகிறது. அதைத்தான் இருக்கைக்கு அடியில் உணர்கிறீர்கள். சுமையோடு கிளம்ப அதிக முறுக்கு வேண்டியிருப்பதால் அப்போது உதறலும் கூடுகிறது. வேகம் வந்து ஆக்சிலரேட்டரைத் தளர்த்தியதும் அச்சு தன் நிலைக்குத் திரும்புகிறது, உதறல் அடங்குகிறது.

வண்டியை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் போட்டுவிட்டு அடியில் போய்ப் பாருங்கள். ஷாஃப்ட்டை இரு கையாலும் பிடித்து முறுக்கியும் மேலே தூக்கியும் பார்க்கையில் கிராஸ் ஜாயின்ட்டில் கொஞ்சமும் ஆட்டம் இருக்கக் கூடாது. ஜாயின்ட்டின் மூடியோரத்தில் செந்தூள் போலத் துரு படிந்திருந்தால் உள்ளே கிரீஸ் காய்ந்துவிட்டது. இரண்டு துண்டு ஷாஃப்ட் என்றால் நடுவில் உள்ள சென்டர் பேரிங்கைத் தாங்கும் ரப்பர் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். சுமையோடு கிளம்பினால் உதறும் வண்டிகளில் நான் முதலில் விரல் வைக்கும் இடம் அது. 'டக்' சத்தம் பெரும்பாலும் ஷாஃப்ட் நீண்டு சுருங்கும் பல் பகுதியிலிருந்து வருவது. பிரேக் போடும்போது அது ஓரிடத்தில் இறுகி, கிளம்பும்போது விடுபட்டு நழுவுகிறது. கழற்றி, துடைத்து, புதிய கிரீஸ் வைத்தால் போதும். ஆனால் கழற்றும் முன் இரு துண்டுகளிலும் நேர்க்கோடாகப் பெயின்ட் குறி போடச் சொல்லுங்கள். ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டால் யோக்குகள் தளம் மாறி, இல்லாத உதறலும் சேர்ந்துகொள்ளும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் உதறினால் கோணத்தைத் திருத்த வேண்டியதுதான். கோணமானியை ஷாஃப்ட்டிலும் பினியன் முகத்திலும் வைத்து அளந்து, ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் இடையே ஆப்புத் தகடு வைத்தோ, சென்டர் பேரிங்கைச் சற்று இறக்கியோ சமப்படுத்தலாம். கூடுதல் பட்டையைக் கழற்றிவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பார்ப்பது அதைவிட எளிது. அதையே முதலில் செய்யுங்கள்.

கேள்வி: காலி வண்டியில் போகும்போது சின்னப் பள்ளம்கூட முதுகெலும்பில் அடிக்கிறது. சுமை இருந்தால் கார் போல மிதக்கிறது. வலுவாக இருக்கட்டும் என்று '10 பிளை' டயர் போட்டேன். டயரில் 80 பி.எஸ்.ஐ. என்று எழுதியிருப்பதால் 65 வைத்து ஓட்டுகிறேன். மென்மையான ஷாக் அப்சார்பர் போட்டால் சரியாகுமா?

பதில்: ஷாக் அப்சார்பரைத் தொடும் முன் அந்த 65-ஐ மாற்றுங்கள். பக்கச்சுவரில் எழுதியிருப்பது அந்த டயர் தன் முழுச் சுமையைத் தாங்கத் தேவையான அழுத்தம். நீங்கள் வைக்க வேண்டிய அழுத்தம் அல்ல. உங்கள் வண்டிக்குரிய எண், ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தகட்டில் இருக்கிறது. பல பிக்கப்களில் காலி வண்டிக்கு ஓர் எண்ணும், முழுச் சுமைக்கு இன்னோர் எண்ணும், முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியாகவும் கொடுத்திருப்பார்கள். ஆனால் அந்த எண்கள் வண்டியோடு வந்த டயருக்கு உரியவை. நீங்கள் போட்டிருக்கும் கனரக வகை டயர், அதே சுமையைத் தாங்கச் சற்றுக் கூடுதல் அழுத்தம் கேட்கும். ஆகவே டயர் தயாரிப்பாளரின் சுமை அட்டவணையைப் பார்த்து, உங்கள் காலி வண்டியின் பின் அச்சு எடைக்கு எது போதுமோ அதை வையுங்கள். காலையில் வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். 35 பி.எஸ்.ஐ. உள்ள டயர் 10 டிகிரி சூடேறினாலே ஒன்றரை, இரண்டு பி.எஸ்.ஐ. கூடிவிடும். சுமை ஏற்றும் நாளில் மறுபடி அழுத்தத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். கொஞ்சம் தொல்லைதான், வேறு வழியில்லை.

அழுத்தத்தைக் குறைத்த பிறகும் ஓரளவு இறுக்கம் இருக்கத்தான் செய்யும். அது கோளாறு அல்ல. உங்கள் பின் ஸ்பிரிங் 1,000 கிலோ சுமையைத் தாங்குவதற்காகச் செய்தது. காலியாக இருக்கும்போது பின் ஸ்பிரிங் மேல் 500 கிலோ இருக்கிறது, சுமையோடு 1,500 ஆகிறது என்று வைத்துக்கொண்டால், அதே ஸ்பிரிங் மேல் எடை மூன்று மடங்கு. ஆட்டத்தின் வேகம் மூன்றின் வர்க்கமூலத்தால், அதாவது 1.7-ஆல் வகுபடும். சுமையோடு வினாடிக்கு 1.4 முறை சாவகாசமாக ஆடும் வண்டி, காலியாக 2.4 முறை ஆடுகிறது. கார் போல மிதப்பதும் முதுகில் அடிப்பதும் ஒரே ஸ்பிரிங்தான்.

ஆனால் 'சின்னப் பள்ளம்கூட' என்று எழுதியிருக்கிறீர்கள். பெரிய பள்ளத்தில் பரவாயில்லை, சிறு சிறு முடிச்சுகளில் மட்டும் அடிக்கிறது என்றால், ஸ்பிரிங் இறுக்கத்தைவிட உராய்வையே நான் சந்தேகிப்பேன். பட்டைகளுக்கு இடையே துருவேறினாலோ, நுனியில் உள்ள பிளாஸ்டிக் தகடுகள் தேய்ந்து போனாலோ, பட்டைகள் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு, சிறிய விசைக்கு அசையவே அசையாது. அந்த அடி அப்படியே சேஸிஸுக்குப் போய்விடும். இதைக் கண்டுபிடிக்கத் தையல் நாடா போதும். பின் பம்பரில் ஒருவர் ஏறி நின்று மெதுவாக இறங்கட்டும். உடனே சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்துகொள்ளுங்கள். பிறகு அதே பம்பரை இருவர் சேர்ந்து மேலே தூக்கி மெதுவாக விட்டு மறுபடி அளங்கள். உராய்வே இல்லாத ஸ்பிரிங்கில் இரண்டு அளவும் ஒன்றாக இருக்கும். வித்தியாசம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு உராய்வு. பட்டைகளைப் பிரித்து, துருவைத் தேய்த்து, நுனித் தகடுகளைப் புதிதாகப் போட்டால் வண்டி வேறு வண்டியாகும். பழைய இன்ஜின் ஆயிலை அடிப்பது பலருடைய பழக்கம். இரண்டு வாரம் மென்மையாகத்தான் இருக்கும், அதன்பின் புழுதி ஒட்டி அரைக்கும், ஸ்பிரிங் நுனியைச் சேஸிஸோடு இணைக்கும் ஷேக்கிளின் புஷ் ரப்பரும் ஊதிப்போகும்.

அந்த ஷேக்கிள் புஷ்களை அண்மையில் யாராவது மாற்றினார்களா? சக்கரம் தொங்கும் நிலையில் போல்டை இறுக்கிவிட்டால், வண்டி தரையில் நிற்கும்போது ரப்பர் எந்நேரமும் முறுக்கியபடியே இருக்கும். அது தானும் ஒரு ஸ்பிரிங்காக வேலை செய்து இறுக்கத்தைக் கூட்டும், சீக்கிரம் கிழியவும் செய்யும். வண்டியின் எடை சக்கரங்களில் இறங்கிய பிறகே கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். மென்மையான ஷாக் அப்சார்பரைப் பொறுத்தவரை, வேண்டாம் என்பேன். சுமை ஏற்றிய நாளில் அது அடக்க வேண்டிய ஆட்டத்தை அடக்காது.

கேள்வி: முன்பக்கம் உயரமாக இருக்க, அங்கே ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குத் தண்டான டார்ஷன் பாரின் போல்டை இறுக்கினேன். அன்றிலிருந்து வேகத்தடையில் இறங்கும்போது 'தடக்' என்று இரும்பு மோதுகிறது. பார் இறுகிவிட்டதா?

பதில்: பார் இறுகவில்லை, அதன் விறைப்பு ஏறத்தாழ அப்படியேதான் இருக்கிறது. நீங்கள் இழந்தது சக்கரம் கீழே இறங்குவதற்கான இடத்தை. வண்டியின் மூக்கை உயர்த்தியதால் சக்கரம் ஏற்கெனவே பாதி தொங்கிக்கொண்டிருக்கிறது. தடையிலிருந்து இறங்கும்போது மீதித் தூரமும் தீர்ந்து, மேல் ஆர்ம் தன் தடுப்பு ரப்பரில் போய் மோதுகிறது. போல்டைப் பழைய நிலைக்குத் தளர்த்திவிட்டு வீல் அலைன்மென்ட் பாருங்கள். நான்கு சக்கர ஓட்டம் உள்ள வண்டியானால் முன் ஆக்சில் ஜாயின்ட்டுகளின் ரப்பர் உறை கிழிந்திருக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்க்கவும்.

கேள்வி: தார்ச் சாலையில் ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்துத் திருப்பும்போது வண்டி விட்டுவிட்டுத் துள்ளுகிறது. மற்ற நேரங்களில் ஒன்றும் இல்லை. ஃபோர் வீலில் போட்டே ஓட்டுகிறேன், பிடிப்பு நன்றாக இருக்கிறது.

பதில்: காய்ந்த சாலையில் ஃபோர் வீலை எடுத்துவிடுங்கள், துள்ளல் போய்விடும். திருப்பத்தில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட நீண்ட வளைவில் ஓடுகின்றன. உங்கள் வண்டியில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே, வேக வித்தியாசத்துக்கு இடம் கொடுக்கும் டிஃபரன்ஷியல் இல்லாததால் இரண்டு ஷாஃப்ட்டும் ஒரே வேகத்தில் சுழலக் கட்டாயப்படுத்தப்படுகின்றன. வித்தியாசத்தைத் தீர்க்க ஏதாவது ஒரு டயர் சறுக்கியாக வேண்டும். மணலிலும் சேற்றிலும் அது தானாகச் சறுக்கும், தாரில் பிடித்துப் பிடித்து விடும். டூ வீலுக்கு மாற்றிய பிறகும் திருப்பத்தில் பின்பக்கம் மட்டும் உறுமினால், பின் டிஃபரன்ஷியல், ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் வகையா என்று பார்த்து, அதற்கென்றே உள்ள ஆயிலையும் சேர்மானத்தையும் ஊற்றச் சொல்லுங்கள்.

கேள்வி: காலையில் எடுத்ததும் முதல் ஐந்தாறு கி.மீ. குலுங்கிவிட்டுத் தானாகச் சரியாகிறது. டயரை மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. இரவு முழுவதும் ஒரே இடத்தில் நின்றதால் தரையைத் தொட்ட பகுதி தட்டையாகிக் குளிர்ந்துவிடுகிறது. ஓடிச் சூடானதும் வட்டத்துக்குத் திரும்புகிறது. சுமையை ஏற்றிவைத்தபடி இரவில் நிறுத்துவதைத் தவிருங்கள், காற்று குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். இருபது கி.மீ. ஓடியும் குலுக்கல் அடங்காத நாள் வந்தால், முதல் கேள்விக்குச் சொன்ன செங்கல்லையும் ஸ்குரூ டிரைவரையும் எடுங்கள்.